வளவு: ஒரு சொல்லும் இரு கரைகளும்

கூட்டுக் குடும்ப வீட்டைப் பற்றித் தமிழில் எழுதப்படுவதில் பெரும்பகுதி ஏக்கமாகவே இருக்கிறது. திண்ணை, முற்றம், தூண், ஊஞ்சல், கொல்லையில் ஒரு மாமரம். இந்தப் பட்டியலைச் சொல்லி முடித்ததும் கட்டுரையும் முடிந்துவிடுகிறது. இந்த ஏக்கத்தை இப்போது கட்டிடக் கலைஞர்களும் ஸ்வீகரித்துக்கொண்டார்கள். மூன்று தலைமுறை சேர்ந்து வாழ ஒரு வீடு வேண்டும், அது தோட்டத்தோடும் நிலத்தோடும் ஒட்டியிருக்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு, நடுவில் ஒரு முற்றமும் நாலு காரைக்குடித் தூண்களும் வரைந்து தரப்படுகின்றன. அந்தத் தூண்கள் பல சமயம் இடிக்கப்பட்ட இன்னொரு வீட்டிலிருந்து வருகிறவை. எதைப் பங்கிட முடியாமல் அந்தக் குடும்பம் அந்த வீட்டை இடித்தது என்ற கேள்வி மட்டும் தூணோடு கூட வருவதில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

ஏர்வாடிக் கரையில் நின்று இதைப் பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. மன்னார் வளைகுடாவைப் பார்த்துக் கிடக்கும் இந்த ஊருக்கு வடக்கே, ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரத்தில், செட்டிநாடு. வடகிழக்கே கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணம். இரண்டு இடத்திலும் குடும்பத்தின் இருப்பிடத்தைச் சொல்ல ‘வளவு’ என்ற ஒரே சொல் வழங்குகிறது. பொருள்தான் ஒன்றாக இல்லை. செட்டிநாட்டில் வளவு வீட்டுக்குள் இருக்கிறது: தூண் வரிசைக்கு நடுவே வானம் தெரியும் முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும். யாழ்ப்பாணத்தில் வீடு வளவுக்குள் இருக்கிறது: வேலி அடைத்த காணி, அதில் கிணறு, மா, பலா, பனை, இவற்றுக்கிடையே எங்கோ ஒரு வீடு. ஒன்றில் வீடு நிலத்தை வளைத்துக்கொள்கிறது. மற்றதில் நிலம் வீட்டை வளைத்திருக்கிறது. சொல் சிங்களத்துக்குள்ளும் போய் ‘வளவ்வ’ ஆகி, அங்கே பிரபுக்களின் மாளிகையைக் குறித்தது. வளைத்த இடம் என்ற அடிப்படை எங்கும் மாறவில்லை. எதைக் கொண்டு எதை வளைப்பது, யாரை உள்ளே வைத்து வளைப்பது என்பவை மாறியிருக்கின்றன. ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தன் நிலத்தோடு எப்படிச் சம்பந்தப்பட்டது என்பதன் சரித்திரத்தை இந்த மாற்றத்திலிருந்தே படித்துவிடலாம்.

முதலில் செட்டிநாடு. 1985 மார்ச்சில் மாவட்டம் பிரிக்கப்படும் வரை காரைக்குடியும் தேவகோட்டையும் இராமநாதபுரம் மாவட்டத்து ஊர்கள்தான். நகரத்தார் வீடுகளில் இன்று நாம் வியந்து பார்க்கிறவை பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 1940-க்கும் இடையில் கட்டப்பட்டவை. பணம் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்தது. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் மனை. முகப்பில் திண்ணையும் பட்டாலையும், அது ஆண்கள் கணக்கெழுதும் இடம். பிறகு வளவு. பிறகு சாப்பாட்டுக்கு இரண்டாங்கட்டு, சமையலுக்கு மூன்றாங்கட்டு, கடைசியில் கிணறும் தோட்டமும்.

இந்த வீட்டை ‘எல்லோரும் ஒன்றாக உண்டு வாழ்ந்த வீடு’ என்று நினைப்பது பிழை. நகரத்தார் வழக்கில், மகனுக்குக் கல்யாணம் ஆனதும் கொஞ்ச காலத்தில் அவனை ‘வேறு வைப்பார்கள்’. அவனுக்கும் மனைவிக்கும் வளவை ஒட்டி ஓர் அறை, தனி அடுப்பு, தனி வரவு செலவு. கோவில் கணக்கில் அவன் ஒரு ‘புள்ளி’. மனைவி கொண்டுவந்த சீர் அவள் அறைக்குள் அவள் பூட்டுக்குள் இருக்கும். ஆக, ஒரே கூரையின் கீழ்ப் பல குடித்தனங்கள். பணமும் அடுப்பும் பிரிந்தவை, வளவு பிரியாதது. கல்யாணமும் சாவும் முன்னோர் படைப்பும் அங்கே நடந்தன. நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் மழை அங்கேதான் இறங்கியது. குழாய்க்கு அடியில் அண்டாவை வைத்துப் பிடித்தார்கள், மிஞ்சியது வடிகால் வழியே போயிற்று. இந்தப் பக்கத்து மழை வருஷத்துக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் பெய்து தீர்ந்துவிடுவது. வளவின் சதுரத்தை அழகுணர்ச்சி மட்டும் தீர்மானித்ததாகத் தோன்றவில்லை. தண்ணீர்க் கணக்கும் தீர்மானித்திருக்கிறது.

இத்தனை நுட்பமான வரைபடத்தில் மகளுக்கு அறை கிடையாது. அவள் பங்கு பாத்திரமாகவும் நகையாகவும் இன்னொரு வளவின் அறைக்குப் போய்விடும். வரைபடத்தின் இரண்டாவது பலவீனம் 1942-இல் தெரிந்தது. ரங்கூன் விழுந்தது, 1948-இல் பர்மிய அரசு நிலத்தை தேசவுடைமை ஆக்கியது. பணம் வந்த வழி அடைபட்டதும் புள்ளிகள் சென்னைக்கும் மதுரைக்கும் வெளிநாட்டுக்கும் சிதறினார்கள். அறைகளுக்குச் சொந்தக்காரர்கள் தலைமுறைக்குத் தலைமுறை பெருகினார்கள். வளவு எல்லோருக்கும் சொந்தம் என்பதால் அதைச் செப்பனிடவோ விற்கவோ எல்லோரும் சம்மதிக்க வேண்டியிருந்தது. சம்மதிக்க முடிந்த இடங்களில் வீட்டைப் பிரித்து விற்றார்கள். முடியாத இடங்களில் பூட்டுத் தொங்கியது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியபோது, பல வளவுகள் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிறவையாக ஆகியிருந்தன.

யாழ்ப்பாணத்து வளவு வேறு நியாயத்தின்மேல் நின்றது. அங்கே வசதியானவர்கள் நாற்சார் வீடு கட்டியதுண்டு. ஆனால் குடும்பத்தைத் தாங்கியது வீடு அல்ல, காணி. டச்சு அதிகாரி கிளாஸ் ஐசக்ஸ் 1707-இல் தொகுத்து, 1806-இல் ஆங்கிலேயரும் சட்டமாக ஏற்ற தேசவழமை, மகளுக்குச் சீதனமாகச் சொத்துக் கொடுப்பதை விரிவாகப் பேசுகிறது. தாய் வளவின் ஒரு பகுதியையோ பக்கத்துக் காணியையோ மகளுக்கு எழுதுவார்கள். அடுத்த தலைமுறையில் அவள் மகளுக்கு. அக்காவும் தங்கையும் ஒரு வேலி தள்ளி வாழ்வார்கள். பங்குக்காரருக்கும் அயல் காணிக்காரருக்கும் விற்பனையில் முதல் உரிமை இருந்ததால் வெளியார் நுழைவதும் எளிதல்ல. வீடு சிறியது, ஒரு தலைமுறைக்கு ஒன்று. தோட்டம் தலைமுறைகளைத் தாண்டி நிற்பது.

இங்கும் பங்கிட முடியாத ஒன்று இருந்தது. அது கிணறு. காணியைப் பரப்புக் கணக்கில் வெட்டலாம் (பதினாறு பரப்பு ஓர் ஏக்கர்), கிணற்றை வெட்ட முடியாது. எனவே யாழ்ப்பாணத்து உறுதிகளில் காணியின் அளவோடு கிணற்றில் இத்தனை பங்கு, போக வர வழி, தண்ணீர் ஓட வாய்க்கால் என்று எழுதிவைத்தார்கள். செட்டிநாட்டார் வளவைப் பற்றி இப்படி எழுதிவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது. அதே சமயம் யாழ்ப்பாணத்து வேலியைக் கொண்டாடவும் நான் தயாரில்லை. காணி சிறுத்துச் சிறுத்து வேலிச் சண்டை நீதிமன்றம் ஏறியது ஒருபுறம். அந்த வேலியும் அந்தக் கிணறும் ஒடுக்கப்பட்ட சாதியினரை வெளியே நிறுத்திய கருவிகளாகவும் இருந்தன. நிலத்தோடு ஒட்டிய வாழ்வு என்று நாம் சொல்லும்போது யாருடைய நிலம், யார் இறைத்த தண்ணீர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. 1990-இல் வலிகாமம் வடக்கு இராணுவ வலயமாகி, பல வருஷங்கள் கழித்துத் துண்டு துண்டாகத் திருப்பித் தரப்பட்டபோது, வீடு தரைமட்டமாகிவிட்ட சிலர் தங்கள் காணியைக் கிணற்றைக் கொண்டே அடையாளம் கண்டார்கள்.

இதே இலங்கையின் கிழக்குக் கரையில், அக்கரைப்பற்றுப் பக்கத்துத் தமிழரும் முஸ்லிம்களும் இன்னொரு ஏற்பாட்டைக் கண்டிருக்கிறார்கள். மானுடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். மகளுக்கு வீடே சீதனம். மாப்பிள்ளை அங்கே வந்து சேர்கிறார். சில காலம் கழித்துப் பெற்றோர் மற்ற மகள்களோடு பக்கத்தில் இன்னொரு சின்ன இடத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். மூத்த தலைமுறை தானே ஒதுங்கி வழிவிடும் வீடு இது. 2004 சுனாமிக்குப் பின் வந்த நிவாரண வீடுகள் ஆணைக் குடும்பத் தலைவனாகக் கொண்டு பட்டியலிட்டபோது, இந்த ஏற்பாடு எவ்வளவு ஆழமானது என்பது வெளியே தெரிந்தது.

கடலுக்கு இந்தப் பக்கமும் இதன் உறவு முறை உண்டு. ஏர்வாடிக்குப் பக்கத்துக் கீழக்கரையிலும் தெற்கே காயல்பட்டினத்திலும் முஸ்லிம் குடும்பங்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும் மகளுக்கு வீடு கொடுப்பதும் வழக்கம். ஆண்கள் கொழும்புக்கும் கடலுக்கு அப்பாலுள்ள வேறு துறைமுகங்களுக்கும் வியாபாரத்துக்குப் போன ஊர்களில் வீடு பெண்களின் கையில் இருந்ததில் வியப்பில்லை. காயல்பட்டினத்தில் வீடுகளின் பின்புறத்தை இணைக்கும் ‘முடுக்கு’ என்ற சந்துகள் பெண்கள் மட்டும் புழங்க விடப்பட்டவை. தாய், மகள், பேத்தி வீடுகள் தெருவைத் தொடாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அது வழி. வளவை வீட்டுக்குள்ளும் வைக்காமல் வீட்டைச் சுற்றியும் வைக்காமல், வீடுகளுக்கு இடையில் வைத்தது என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் ஏர்வாடி மணலில் பெரும்பாலோருக்குக் காரை வீடே சமீப காலத்து விஷயம். பனங்கைமேல் பனையோலை வேய்ந்த வீடு, பனைமட்டை வேலி, மணல் முற்றம், பூவரசோ வேம்போ ஒன்று. இந்த வீட்டின் தோட்டத்தைத் தீர்மானிப்பது மண்ணுக்கடியிலுள்ள தண்ணீர். கடலோர மணலில் மழைநீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர் கைபனும் சற்றுப் பிறகு ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் கணக்குச் சொன்னார்கள். அதே கணக்கைத் திருப்பினால், மேலே ஓர் அடியை இறைத்துவிட்டால் கீழே நாற்பது அடி உப்பு ஏறுகிறது. ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்பிய பெண்களுக்கு இந்தக் கணக்கு கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது. ஆழ்துளைக் குழாய்க்கு அது தெரியாது. ஒரு வளவில் போடும் மோட்டார் பக்கத்து வளவின் தென்னையைக் கொல்லும். வேலிக்கு மேலேதான் நிலம் பங்காகிறது. கீழே பங்காவதே இல்லை.

மரமும் அப்படித்தான். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுப் போவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுப் போவான் என்று ஊரில் சொல்வதுண்டு. பனை காய்க்கப் பதினைந்து இருபது வருஷம் ஆகும். வைரம் பாய்ந்து கூரை தாங்க இன்னும் காலம் வேண்டும். பேரனுடைய கூரைக்கு மரத்தைத் தாத்தா நட்டிருக்க வேண்டும். தலைமுறைகளை ஒரு வீட்டில் சேர்த்துவைப்பது என்பதற்கு இதைவிட ஸ்தூலமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நிலத்தோடு ஒட்டிய வீடு நிலத்தைத் தின்னவும் செய்யும். கடற்கரை ஊர்களில் வசதி வந்தபோது ஓலை போய்க் கல் வந்தது. அந்தக் கல்லிலும் சுண்ணாம்பிலும் கணிசமான பங்கு கடலுக்கடியிலிருந்து வெட்டி எடுத்த பவளப்பாறை. தூத்துக்குடி முதல் பாம்பன் வரையுள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். 2001-இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்கடியில் போய்விட்டன. பாறையை வெட்டியது அதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள். கரையைக் காத்த வேலியைப் பிடுங்கிச் சுவர் எழுப்பியிருக்கிறோம்.

கட்டிடக் கலையில் இந்த இரு கரை மரபையும் பிரக்ஞையோடு கையாண்டவர் என்று ஜெஃப்ரி பாவாவைச் சொல்வார்கள். கொழும்பில் எனா டி சில்வாவுக்காக அவர் கட்டி 1962-இல் முடித்த வீடு, தெருவுக்கு முதுகைக் காட்டி, உள்ளே ஒரு பெரிய முற்றத்தையும் ஓரங்களில் சின்ன முற்றங்களையும் வளைத்துக்கொண்டது. சிங்கள வளவ்வவின் நினைவு அதில் இருந்தது. நகர மனையில் நவீன வீடும் நிலத்தை உள்ளே வைத்திருக்கலாம் என்று காட்டியதில் அதன் முக்கியத்துவம் பெரிது. ஆனால் அதன் பின்கதையைப் பாருங்கள். நகரத்து நிலத்தின் விலை வீட்டை விழுங்க வந்தது. வீட்டை எண்ணிட்டுப் பிரித்து, பெந்தோட்டைப் பக்கம் பாவாவின் லுனுகங்கத் தோட்டத்தில் மறுபடி நிறுத்தினார்கள். காப்பாற்றியது நல்ல காரியம்தான். எனினும், பெயர்த்து எடுத்துப்போக முடிந்தது முற்றத்தின் வடிவம் மட்டுமே. முற்றத்துக்கடியிலிருந்த நிலம் அங்கேயே நின்றுவிட்டது.

வடிவத்தைப் பெயர்த்து எடுப்பதுதான் நம் கட்டிடக் கலைஞர்களும் செய்வது. வளவைக் கொண்டுவருகிறார்கள், வேறு வைப்பதைக் கொண்டுவருவதில்லை. ஒரே சமையலறை வரைகிறார்கள். மாமியாரும் மருமகளும் அங்கே எப்படி நிற்பார்கள் என்பதைக் குடும்பப் பாசத்திடம் விட்டுவிடுகிறார்கள். சட்டமும் நெடுநாள் இப்படித்தான் இருந்தது. 1956 இந்து வாரிசுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பங்கு இருந்தும் பெண் அதைப் பிரித்துக் கேட்கக் கூடாது, ஆண் வாரிசுகள் பிரிக்க நினைக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்றது. மகளானால், மணமாகாதவளோ விதவையோ கணவனைப் பிரிந்தவளோ கணவனால் கைவிடப்பட்டவளோ ஆனால் மட்டும் அங்கே தங்கலாம். 2005-இல்தான் அந்தப் பிரிவு நீங்கியது. கூட்டுக் குடும்ப வீட்டின் புனிதத்தைக் காக்க அதுவரை ஐம்பது வருஷம் யார் விலை கொடுத்தார்கள் என்பது இந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

இதைவிடப் பெரிய விலை கொடுத்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் பேசாமல் ஏர்வாடியின் பெயரை எடுக்க முடியாது. மனநோயாளிகளைத் தர்காவுக்குக் கொண்டுவந்து தங்கவைப்பது நெடுநாளைய வழக்கம். எல்லா மதத்தாரும் வருவார்கள், பல குடும்பங்கள் கூடவே தங்கியதும் உண்டு. பின்னால் தனியார் விடுதிகள் முளைத்தன. குடும்பங்கள் பணத்தைக் கட்டி ஆளை விட்டுவிட்டுப் போயின. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஓலைக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தபோது, உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே எடுத்துக்கொண்ட வழக்கின் தலைப்பில் சாவு 25 என்று இருக்கும். பின்னர் அது 28 ஆனது. விடுதிகளை அரசு மூடியபோது ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள்.

இவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வீட்டைச் சேர்ந்தவர்கள். அந்த வீடுகளில் திண்ணை இருந்திருக்கும், கொல்லை இருந்திருக்கும், மாமரமும் இருந்திருக்கும். அந்தக் குடும்பங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. வைத்தியம் எட்டாத தூரத்தில் இருந்தபோது, இரவெல்லாம் கத்தும் ஒருவரை ஓரறை வீட்டில் வைத்துக்கொண்டு மறுநாள் கூலிக்குப் போவது எப்படி என்று எனக்கும் தெரியாது. ஆனால் தலைமுறைகள் சேர்ந்து வாழும் வீடு என்ற கருத்தை, மூத்தவரும் குழந்தையும் முற்றத்தில் விளையாடும் படத்தைக் கொண்டு சோதிப்பதில் அர்த்தமில்லை. பங்குக்கு உரியவராக யாரும் எண்ணாத ஒருவருக்கு அங்கே இடம் உண்டா என்று கேட்டுத்தான் சோதிக்க வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடுக்கிறது. குடும்பம் ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் காப்பகத்திலேயே கிடக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அந்தச் சட்டம் கேட்கிற வீட்டை யார் வரைந்து தருவது?

அரசுத் திட்டங்கள் வரைந்து தரவில்லை. 2015-இல் வந்த நகர்ப்புறத்துப் பிரதமர் வீட்டுத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத மக்கள். மறுவருஷம் வந்த கிராமப்புறத் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்ச அளவு சமையலிடம் சேர்த்து 25 சதுர மீட்டர். பாட்டிக்கு அதில் இருப்பிடம் வாசல்தான். அந்த வாசலையும் நிழலையும் மரத்தையும் தண்ணீரையும் திட்டத்துக்குள் சேர்த்து நினைத்திருந்தால் 25 சதுர மீட்டரும் வேறு மாதிரி இருந்திருக்கும்.

பழைய வீடுகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை தூணும் ஓடும் அல்ல என்று எனக்குப் படுகிறது. செட்டிநாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, ஒவ்வொரு தலைமுறைக்கும் தனி அடுப்பும் தனிக் கதவும். யாழ்ப்பாணத்திலிருந்து, பொதுவானதை இன்னதென்று பெயர் சொல்லி உறுதியில் எழுதிவைக்கும் வழக்கம். அக்கரைப்பற்றிலிருந்து, மூத்தவர்கள் நகர்ந்துகொள்ளப் பக்கத்தில் முன்கூட்டியே ஒதுக்கிய ஒரு சின்ன இடம். ஏர்வாடி மணலிலிருந்து, தண்ணீருக்கு வேலி கிடையாது என்ற அறிவும், பேரனுக்காக இன்றே ஊன்ற வேண்டிய பனங்கொட்டையும். இவற்றோடு, எந்தப் பழைய வளவிலும் இல்லாத ஓர் அறை வேண்டும். அது கடைசிக் கட்டில், மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. கிணற்றடியும் மரநிழலும் கண்ணில் படுகிற இடத்தில், தோட்டத்துக்குத் திறக்கிற கதவோடு இருக்க வேண்டும். கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்க வேண்டும்.